ஒருவருமில்லாத தர்மிளா

கெட்ட நேரம் சொல்லிக்கொண்டா வருகிறது? திருக்கேதீச்சரத்தில் நேர்த்திக்கடனை முடித்துவிட்டுக் கண்டாவளைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வானுக்குச் செட்டிகுளம் தாண்டியதும் சில்லில் காற்றுப் போனது. பொழுதுபடுகிற நேரம். டிரைவர் ரூபன் சில்லு மாற்ற ஜக்கை எடுத்துக்கொண்டு கீழே குந்தினான். பக்கத்து ஒழுங்கைக்குள் தப்புச் சத்தம் கேட்டது.

"என்ன மேளம் அது? வாங்கோ, ஒருக்காப் போய்ப் பாப்பம்" என்று சிவலட்சுமி இறங்கிவிட்டாள். மகன் கிருசாந்தன் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தான். அவள் என்றைக்கு அவன் சொல்லைக் கேட்டாள், இன்றைக்குக் கேட்க? மருமகள் தர்மிளா தயங்கித் தயங்கிப் பின்னால் நடந்தாள். தப்பின் அடியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. காமன் கூத்து. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் மாசியில் ஆடுகிற கூத்து. அவளுடைய சனத்தின் கூத்து.

அவள் அந்தச் சனம் என்பது மாமிக்குத் தெரியாது. தர்மிளாவின் தாயும் தகப்பனும் கடைசிச் சண்டையில் செல்லடியில் செத்தவர்கள். தப்பி வந்த சனத்தை அடைத்துவைத்த முகாமின் முள்கம்பிக்கு வெளியே நாள் தவறாமல் நின்று, அழுது, கெஞ்சி, எட்டு வயதுப் பிள்ளையை வெளியே எடுத்தவர் தாய்மாமன் செல்வராசா. கூலி வேலை செய்து படிப்பித்தவரும் அவர்தான். வவுனியாவில் கார்மெண்டில் வேலை செய்தபோது கிருசாந்தன் அவளை விரும்பினான். "தோட்டக்காட்டு ஆக்களெண்டால் அம்மா செத்தாலும் ஓமெண்ணமாட்டா. சொந்தம் ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுவம்" என்றான். மாமன் அதற்கும் தலையாட்டினார். "நீ நல்லா இருந்தாப் போதும்" என்றவர் கலியாணத்துக்கே வரவில்லை. இப்படியும் ஒரு மனிதர்! இரண்டு வருடமாக மாமி அவளைப் பெற்ற பிள்ளைபோலத்தான் பார்க்கிறாள். அதை இழந்துவிடுவோமே என்றுதான் தர்மிளாவுக்குப் பயம்.

திடலில் மன்மதனுக்கும் ரதிக்கும் கலியாணம் நடந்துகொண்டிருந்தது. ரதி வேசம் கட்டியவன் வெட்கப்பட்டதைப் பார்த்துச் சிவலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். "தோட்டக்காட்டுச் சனத்துக்கு உதெல்லாம் நல்லா வரும்" என்றாள். அப்போதுதான் பாட்டு எடுத்த குரல் தர்மிளாவின் காதில் விழுந்தது. மாமா. அவருடைய ஊர் இதுவல்ல. பாடுவதற்கென்று இங்கே வந்திருக்கிறார். கிருசாந்தனும் கண்டுவிட்டான். "வா, போவம்" என்று அவள் கையை இறுக்கினான்.

எங்கே போவது? மாமி அசைந்தால்தானே. பாட்டு முடிந்ததும் செல்வராசா விபூதித் தட்டோடு ஒவ்வொருவருக்கும் பூசிக்கொண்டு வந்தார். தர்மிளாவுக்கு முன்னால் அவருடைய கை நின்றது. பிறகு யாரோ ஒருத்திக்குப் போலப் பூசிவிட்டு, மாமியிடம் திரும்பினார்.

"தூரத்துலருந்து வர்றீங்களாம்மா?"

"ஓம், கண்டாவளை. நல்லாப் பாட்டுப் படிக்கிறியள் ஐயா. பிள்ளையள் இருக்கினமோ?"

"நான் கல்யாணமே கட்டலைங்க. தங்கச்சி மக ஒருத்திய வளத்தேன்."

"அவா இப்ப எங்கை?"

செல்வராசா தட்டைப் பார்த்தபடி சொன்னார். "செத்துப்போச்சுங்க."

"ஐயோ, பாவம்" என்றாள் மாமி. மனதாரத்தான் சொன்னாள். கிருசாந்தன் மூச்சு விட்டான். இனி ஒரு பயமுமில்லை, பேசாமல் வானில் ஏறிவிடலாம். தர்மிளாவால் முடியவில்லை. மாமனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சாகல மாமா" என்றாள், இரண்டு வருடமாக வாயில் வராத பேச்சில்.

சிவலட்சுமி மருமகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உயிரோடை நிக்கிற மனிசரைச் சாகடிச்சுப்போட்டோ எனக்கு மருமகள் கொண்டுவந்தனி?" என்று அவனைக் கேட்டுவிட்டு, விறுவிறென்று வானுக்கு நடந்தாள்.

செல்வராசா பதறிப்போனார். "போ புள்ள, அவங்க பின்னால போ. வாழ்க்கையக் கெடுத்துக்காத."

"வா" என்றான் கிருசாந்தன்.

தர்மிளா மாமனின் கையை விடவில்லை. "மாமாவை எங்கடை வீட்டுக்கு வரச் சொல்லுங்கோ" என்றாள் கிருசாந்தனிடம். "மாமிக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு வாறன்."