குங்குமச் சிமிழோடு கூப்பிட்ட கூட்டம்

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து அப்போதுதான் வந்த நோட்டீஸ் கட்டு கையில் சுடும்... அந்த மை வாசனையோடு பக்கத்து மெடிக்கல்ஸின் டிஞ்சர் வாசனையும் சேர்ந்து அடிக்கும். காரைக்குடியில் என் முதல் வேலை அந்த டிடிபி சென்டரில்தான்.

அந்த நோட்டீஸ் பக்கத்து மெடிக்கல்ஸ் சேதுராமன் அண்ணனுடையது. மாதக் கடைசி ஞாயிறு மாலை, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் ஒரு கூட்டம் நடத்துவார். நம் தமிழ்நாட்டையும் நம் ஊரையும் தெரிந்துகொள்ள ஒரு கூட்டம். டீ உண்டு. மேடை, மாலை, பொன்னாடை எதுவும் கிடையாது.

மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடு ஆன கதை ஒரு மாதம். ராமநாதபுரத்திலிருந்து சிவகங்கை தனி மாவட்டமாகப் பிரிந்ததில் நமக்கு என்ன லாபம் என்று ஒரு மாதம். கவுன்சிலரிடம் எதையெல்லாம் கேட்கலாம் என்று ஒரு மாதம்... அன்றைக்கு மண்டபமே ரெண்டுபட்டது.

எந்தத் தலைப்பாக இருந்தாலும் கருப்பையா அண்ணன் அதைத் தன் ஊர்க் கண்மாயில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். அவருக்குக் கண்டரமாணிக்கத்தில் விவசாயம். அதே ஊர் மீனாள் ஆச்சி, டீயோடு சாப்பிட ஒரு டப்பா சீப்புச்சீடை கொண்டுவந்து முன் வரிசையில் உட்காருவார். பேசுகிறவர் இழுத்தால், பஸ்ஸுக்கு நேரமாகிறது, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

இவ்வளவு பேரும் நோட்டீஸைப் பார்த்து வந்தவர்கள் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். எங்கள் தெருவுக்கு அண்ணன் வந்தபோது கூட நடந்து பார்த்ததில்தான் விஷயம் புரிந்தது.

டிவிஎஸ் ஃபிப்டியில் அண்ணனும் வள்ளி அண்ணியும் ஜோடியாக வருவார்கள். ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்தி, உள்ளே போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ரெண்டு கையாலும் நோட்டீஸைக் கொடுப்பார்கள். "அவசியம் வந்துரணும்" என்பார் அண்ணன். அண்ணி குங்குமச் சிமிழை நீட்டுவார்.

சரித்திரக் கூட்டத்துக்குக் குங்குமம் எதற்கு அண்ணி என்று சிரித்தேன்.

"கூப்பிடுற முறையில கூப்பிட்டாத்தானே வருவாக?" என்றார் அண்ணி.

அதில் விளையாட்டே இல்லை. ஒரு தடவை மீனாள் ஆச்சி மதுரைக்குப் போயிருந்ததால் அண்ணன் நோட்டீஸை கேட்டில் சொருகிவிட்டு வந்துவிட்டார். அந்த மாதம் ஆச்சி வரவில்லை. கேட்டில் சொருகுவதற்குப் பெயர் அழைப்பா என்று அப்புறம் கேட்டாராம். அண்ணன் இதை எங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஆனால் மறுபடி அப்படிச் செய்யவில்லை.

நான் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். லீவுக்குப் போனால் கூட்டத்துக்கும் ஒரு நடை போவேன்.

கொரோனா முடிந்த பிறகு அண்ணனுக்கு முழங்கால் மோசமாகிவிட்டது. வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்கே போனில் கூப்பிடப் பழகிவிட்டார்கள், நமக்கென்ன என்று வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார். பழைய ஆட்கள் எல்லாரையும் சேர்த்தார், என்னையும்தான். புது போன் வாங்கிய உற்சாகத்தில் அழைப்புக்குக் கலர் கலராகப் பூ வேறு போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கட்டைவிரல், கைகூப்பு...

கூட்டத்துக்கு வந்தவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

சில மாதம் பார்த்தார். அப்புறம் ஒருநாள் எனக்கு போன் செய்தார். குரலில் கோபம்கூட இல்லை. "சனங்களுக்கு இதெல்லாம் சலிச்சுப் போச்சு தாயி. நாமதான் தொங்கிக்கிட்டு இருக்கோம்." அதோடு கூட்டத்தை நிறுத்திவிட்டார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். காலம் மாறிவிட்டது அண்ணே என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

போன வருடம் அண்ணன் தவறிவிட்டார். மாரடைப்பு. நான் போய்ச் சேரும்போது தெருவில் வண்டி போக வழியில்லை. மண்டபத்துக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த நீல பிளாஸ்டிக் நாற்காலிகளைத்தான் வாசலில் போட்டிருந்தார்கள். அது பத்தாமல் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பழைய கூட்டம்... ஒரு ஆள் குறையாமல் வந்திருந்தது. கருப்பையா அண்ணன் துண்டால் முகத்தை மூடியிருந்தார்.

மீனாள் ஆச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. கூட்டத்துக்கு ஏன் ஆச்சி வராமல் போனீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லலையே. நாம வேண்டாமாக்கும்னு இருந்துட்டேன்." வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, "இதுக்கு மட்டுந்தான் யாரும் கூப்பிட வேண்டியதில்ல" என்றார்.

இவர்களுக்குச் சலித்துவிட்டது என்று அண்ணன் நினைத்தார். அவருக்கு நாம் வேண்டாம் என்று இவர்கள் நினைத்தார்கள். முழங்கால் வலியைக் குரூப்பில் ஒரு வரி போட்டிருந்தால் இந்த ஜனம் அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். ஆனால் தன் வலியை ஊருக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

இப்போதெல்லாம் எங்கள் பக்கம் பெரிய பெரிய விழாக்கள் நடக்கின்றன. பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள், வாழை இலைச் சாப்பாடு போடுகிறார்கள், அழகான வீடியோ வருகிறது. லிங்கைத் தட்டினால் இடம் உறுதி. நல்லாத்தான் செய்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். கூட்டமும் வருகிறது, வெளியூர்க் கூட்டம்.

அண்ணனின் குரூப் இன்னும் என் போனில் இருக்கிறது. யாரும் வெளியேறவில்லை. கடைசியாக இருப்பது அவருடைய அழைப்புதான்... பூப்போட்டது. மேலே "அனைவரும் வருக", கீழே நான் போட்ட கைகூப்பு.

அன்று கோயம்புத்தூரிலிருந்து நானாவது ஆச்சிக்கு போன் போட்டு, அண்ணன் கூப்பிடுறாக ஆச்சி, முழங்கால்தான் முடியலை என்று சொல்லியிருக்கலாம்.