பத்து நாற்பதுக்கு எழுதிய எண்

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். மயக்க மருந்து டெக்னீஷியன். தன் மகள் பிறந்த அன்றுகூட ஏழே முக்காலுக்கு வேலைக்கு வந்து நின்ற மனிதர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நோயாளியின் நாடித்துடிப்பைத் தாளில் குறிக்க வேண்டும். அவர் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. எப்படி இருக்கும்? பாதிக் கட்டங்களை ஆபரேஷன் தொடங்கும்போதே நிரப்பிவிடுவார். நர்ஸான எனக்கு அது நன்றாகத் தெரியும். அவர் வராத நாளில் நானும் அந்தத் திருட்டு வேலையைத்தான் செய்தேன்.

இதய ஆபரேஷன் என்றால், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒலிக்கும் மானிட்டர் சத்தத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள். கண் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். கண்புரை எடுக்க வருபவர்கள் விழித்தபடி படுத்திருப்பார்கள், சத்தம் கேட்டுப் பயப்படுவார்கள் என்று காலையிலேயே அதை நிறுத்திவிடுவோம். அன்றும் நிறுத்தினோம். மூன்று புரை முடிந்ததும் மாறுகண் சரிசெய்ய ஆறு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்கு முழு மயக்கம். சத்தத்தைத் திரும்ப வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பக்கத்துல இதய கேஸ். ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன், பாத்துக்குங்க" என்று மயக்க டாக்டர் போனார்.

கண் தசையை இழுத்தால் இதயம் மெதுவாகும், விட்டால் மீளும். இது எங்களுக்கு அரிச்சுவடி. ஆனால் மெதுவானது யார் காதிலும் விழவில்லை. கடிகாரம் திரும்பி நின்று அடுத்த கேஸுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ரத்தம் கறுப்பா வருது?" என்றார் கண் டாக்டர்.

மணி பத்து நாற்பத்திரண்டு. திரையில் வெறும் கோடு. முக்கால் மணி நேரம் அந்தச் சின்ன நெஞ்சை அழுத்தினோம். பிள்ளை பிழைக்கவில்லை.

தாளிலோ பத்து நாற்பதுக்கு நாடி தொண்ணூற்றாறு என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

"அது அப்படியே இருக்கட்டும். நம்மளக் காப்பாத்தப்போறதே அதுதான்" என்றார் ஆஸ்பத்திரி மேனேஜர்.

வெளியே பிள்ளையின் தாய் கடிகாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, எம்புள்ள எத்தன மணிக்குப் போனா? அதயாவது சொல்லுங்க."

அவர் மறைக்கவில்லை. "தெரியலம்மா. நான் பாக்கவேயில்ல. தாள்ல இருக்கறது நான் முன்னாடியே எழுதி வச்சது."

மறுநாளே அவர் சீட்டைக் கிழித்தார்கள். இப்போது ஒரு மருந்துக் கடையில் நிற்கிறார். என் வேலை என்னிடம்தான் இருக்கிறது. ஏனென்றால் அந்தத் தாய், "நீங்களாவது பாத்தீங்களாக்கா?" என்று என் பக்கம் திரும்பியபோது, நான் அருகில் நின்ற மேனேஜர் முகத்தைப் பார்த்தேன்.