அரை டம்ளர் டீ

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கே போகிறார் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுதி வைக்கிறேன், கண்ணுகளா. எனக்கு ஏழாவது வரைதான் படிப்பு. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு மார்கழி. மைசூரில் நான் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். சாராயம் அப்போது பாக்கெட்டில் வரும். காலையில் ஒன்று உள்ளே போனால்தான் கை நிற்கும். இல்லாவிட்டால் ஜன்னல் சட்டத்தில் இழுக்கிற பிரஷ் கண்ணாடியில் ஏறிவிடும். நீங்கள் ரொம்பச் சின்னவர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கம்மா தகரப் பெட்டியில் துணி அடுக்கினாள். சண்டை போடவில்லை. துணியை மடித்தபடியே மெதுவாகச் சொன்னாள்:

"ஏனுங்க, பெரியாஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாங்க. சர்ச் ஸ்கூல்ல, குடிய விட்டவங்கெல்லாம் கூடி உக்காந்து பேசறாங்களாம். இன்னிக்கு அங்க போயிட்டு, வேற எங்கயும் நுழையாம வீட்டுக்கு வாங்க. இல்லீன்னா புள்ளைகளக் கூட்டிட்டுக் கொள்ளேகால் பஸ் ஏறி மார்டள்ளிக்கு எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்."

வெளியே வந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஊதுபத்தி உருட்டுகிற கொட்டகையின் வாசனை பனிக்குள் நின்றுபோயிருந்தது. தூரத்தில் அரண்மனை விளக்குகள் ஒரே சமயத்தில் எரிந்தன. யாரோ மஞ்சள் புள்ளிகளை வைத்தே ஆகாயத்தில் ஒரு வீட்டை வரைந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. நான் நடக்கிறேனா, தெரு என்னை நடத்துகிறதா என்று தெரியவில்லை.

ஸ்கூலில் போர்டு எதுவும் இல்லை. எதிரே பீடாக் கடையில் கேட்டேன்.

"அண்ணா, மீட்டிங் எங்க நடக்குது?"

"யாவ மீட்டிங்? சீட்டு மீட்டிங்கா, சங்கத்து மீட்டிங்கா?"

எந்த மீட்டிங் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பீடியைப் பற்றவைக்கப் பார்த்தேன். தீக்குச்சி பெட்டியில் உரசாமல் நழுவி நழுவிப் போனது. கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, தானே குச்சியைக் கிழித்து நீட்டினார்.

"ஓ, அதுவா? பின்னாடி கேட்டுல போங்க. எந்த ரூம்ல சிரிப்புச் சத்தம் கேக்குதோ, அதான்."

அது ஒன்றாம் வகுப்பு அறை. பெரிய பெரிய ஆட்கள் குட்டி பெஞ்சுகளில், முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் குழந்தைகளுக்கு எழுதிப் போட்ட கன்னட எழுத்துகள் அப்படியே இருந்தன. வாசலில் தயங்கிய என்னைக் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பார்த்துவிட்டார். பஸ் கண்டக்டர். பஸ்ஸில் 'முன்னால் வாங்க' என்று கன்னடத்தில் கூவுகிற அதே குரலில் கூப்பிட்டார்:

"முந்தே பன்னி சாமி, முந்தே பன்னி! படியில நிக்காதீங்க, உள்ள இடம் இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். ஒவ்வொருவராகப் பேர் சொல்லிப் பேசினார்கள். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் உங்களுக்கும் நான் பேர் எதுவும் சொல்லமாட்டேன். பாதி கன்னடம், பாதி எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற சத்தம் போலக் கேட்டது.

அப்புறம் கண்டக்டர் டீ ஊற்றினார். எல்லாருக்கும் டம்ளர் நிறைய. எனக்கு மட்டும் பாதி.

காவிரித் தகராறு நடந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த நாட்களில் தெருவில் தமிழ் பேசுவதற்கு முன் குரலைத் தாழ்த்திப் பழகியிருந்தோம். அது மனதுக்குள் இன்னும் கிடந்தது. டம்ளரோடு எழுந்துவிட்டேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாப், அந்தப் பக்கம் சாராயக் கடை. எந்தப் பக்கம் போயிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"தமிழ்க்காரன்னா பாதி டீதானுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. கண்டக்டர் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"ஐயோ, அல்ல அண்ணா! நான் முதல் தடவை வந்தப்ப நிறைய ஊத்திக் குடுத்தாங்க. வாய்க்குப் போறதுக்குள்ள சட்டையெல்லாம் டீ. அந்த வெக்கத்துல மழைக்காலம் பூரா இந்தப் பக்கமே வரல. எங்க இருந்தேன்னு கேக்காதீங்க. அதான் புதுசா வர்றவங்களுக்குப் பாதி. குடிங்க, மறுபடியும் பாதி ஊத்தறேன். எத்தன பாதி வேணும்?"

கீழே பார்த்தேன். பாதி டீயும் டம்ளருக்குள் வட்டம் வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு சொட்டும் வெளியே விழவில்லை. உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் குட்டி பெஞ்சில் ஒண்டி இடம் விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் ஸ்வெட்டரோடு அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்துகொண்டிருந்தீர்கள். உங்கம்மா கிட்டே வந்து மோந்து பார்த்தாள்.

"என்ன குடிச்சீங்க?"

"டீ."

"எவ்வளவு?"

"அரை டம்ளர்." நடந்ததைச் சொன்னேன்.

அவள் அடுப்படிக்குப் போனாள். ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். எனக்கு அரை டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். பஸ்ஸுக்குப் போகவில்லை. ஆனால் பெட்டியையும் திறக்கவில்லை.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் போனேன். திரும்பி வந்ததும் வீட்டிலும் அரை டம்ளர்தான். நான் குடிக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். மாமரம் பூத்திருந்த ஒரு சாயங்காலம், எதிரே வைத்த டம்ளரில் டீ விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் அவளைப் பார்த்தேன்.

"என்ன பாக்கறீங்க? ஆறிப்போகுது, குடிங்க."

எடுத்துக் குடித்தேன். டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தால், சுவரில் வரிசையாக ஆணி. ஆணிகளில், பெட்டிக்குள் இருந்த உங்கள் சட்டையும் பாவாடையும் தொங்கிக்கொண்டிருந்தன. பெட்டி மூலைக்குப் போய்விட்டது. இப்போது அதன் மேல்தான் நம் டி.வி. இருக்கிறது.