கிழக்குப் பார்த்த ஜன்னல்

"சார், இந்த ஜன்னல இங்கன யாரு வச்சா?" என்று கேட்டாள் இன்ஜினியர் பெண். வைத்தவன் நான்தான் என்று முடிவு கட்டிவிட்ட குரல். "காத்தும் சாரலும் மேக்க இருந்துல்லா வருது. இது கெழக்க பாத்து, இம்புட்டு தாழ்வா, ஒரு கம்பிய வேற காணும்..."

தென்காசியில் எங்கள் வீட்டுப் புறவாசலை ஒட்டி நிற்கிறது அந்தப் பழைய மனமகிழ் மன்றம். அதைப் புதுப்பித்துப் பெரிதாக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். ஆணி அடித்தால் விரலில் அடித்துக்கொள்ளும் நான் அதில் இருப்பதற்குக் காரணம், கூட்டத்துக்குப் போகாமலிருக்க நல்ல சாக்கு கிடைக்கவில்லை என்பதுதான். சுண்ணாம்புச் சுவர் அப்படியே இருக்குமாம், ஓடு மாறாதாம், பெயர்த்த கல்லே புதுக் கூடத்துக்குப் போகுமாம். பசுமைக் கட்டுமானம் என்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவும் இதையேதான் செய்தார். அப்போது அதற்குக் கஞ்சத்தனம் என்று பெயர்.

அப்பா மன்றத்தின் செயலாளர். மன்றம் என்றால் நாலு கேரம் பலகை, ஒரு செய்தித்தாள், அதற்குப் பத்துப் பேர் சண்டை. கூரையெல்லாம் பழைய தேக்கு என்பதால், பீடி பற்றவைக்கிறவரை அப்பா தெருவுக்கே விரட்டிவிடுவார். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று எங்கும் எழுதிப் போடவில்லை. யாரும் வந்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் மன்றத்தைப் பின்பக்கம் நீட்டினார்கள். இடிந்த மாட்டுத்தொழுவத்தின் ஓடு வந்தது, யார் வீட்டுக் கிணற்றடிக் கல்லோ வந்தது. ஜன்னல் மட்டும் கிடைக்கவில்லை. மன்றத்துக்கு ஒரு சிரட்டையைக்கூடத் தர மனம் வராத அம்மா, அடுக்களை ஜன்னலைக் கழற்றிக்கொள்ளச் சொன்னாள். பூனை வந்துபோக வசதியாக ஏற்கனவே ஒரு கம்பி இல்லாத ஜன்னல் அது. கழற்றிய இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டாள். மழை பெய்தால் சாம்பாருக்குத் தண்ணீர் விட வேண்டிய வேலை மிச்சம்.

வைத்த இடம் இன்னும் விசேஷம். அம்மா புறவாசலில் துவைகல் பக்கத்தில் நின்றுகொண்டு முழங்கையை மடக்கிக் காட்டி, "கொத்தனாரே, இன்னும் கீழ" என்றாள்.

"மதினி, இதுக்குக் கீழ வச்சா ஆடு எட்டிப் பாக்கும்."

"பாத்துட்டுப் போவுது."

புதுக் கம்பி ஒன்று போட்டுவிடலாம் என்றார் கொத்தனார். அதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். அப்பா இருப்பதிலேயே நல்ல கேரம் பலகையைக் கொண்டுபோய் அந்த ஜன்னலோரம் போட்டார். கேட்டவர்களிடம் காற்றுக்கு என்றார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மன்றத்தில் ஆள் சேருவதற்கு முன்னால், நான் உள்ளே உட்காருவேன். அம்மா வெளியே நிற்பாள். கம்பி இல்லாத இடம் வழியாக அவள் கை உள்ளே வரும். வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால், காய் குழிக்குள் விழும் சத்தம்தான் எனக்குக் கேட்கும். பிறந்த வீடான கீழப்பாவூரில் அண்ணன்மாரை அழவிட்டவளாம். நான் அவ்வளவு சீக்கிரம் அழவில்லை. ரெண்டாவது ஆட்டம்வரை தாங்கினேன்.

சாரல் காலத்தில் ஆலங்குளத்துக்காரர்களோடு ஜோடி ஆட்டம். கோப்பை இரண்டு வருஷமாக அங்கேதான் இருந்தது. அந்த முறையும் அவர்கள் ஜெயித்தால் அது அவர்களுக்கே சொந்தம். அருவியில் நெடுநேரம் தலையைக் கொடுத்தால் குறி தப்பாது என்பது எங்கள் ஊரின் ஆட்ட சாஸ்திரம். அப்பாவின் ஜோடிக்காரர் முந்தின நாள் ஐந்தருவிக்குப் போய் அந்தச் சாஸ்திரத்தை மிச்சம் வைக்காமல் கடைப்பிடித்துவிட்டு, குளிர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"ஆளு இல்லன்னா கோப்பைய எடுத்துட்டுப் பஸ்ஸு ஏறுதோம் அண்ணாச்சி. மழ வேற வருது" என்றார் ஆலங்குளத்து மீசைக்காரர்.

"எங்கம்மா ஆடுவா!" என்று கத்தினேன். மன்றம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கமே திரும்பாமல், "கை காலியா இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டார். வெளியே துணி பிழியும் சத்தம் நின்றது. முந்தானையில் துடைத்த ஈரம் காயாத கை ஒன்று உள்ளே வந்தது.

"இது என்ன கூத்து! பொம்பளைய மன்றத்துக்குள்ள விடுதீயளா?"

"யாரு விட்டா? அவ, அவ வீட்டுல நிக்கா" என்றார் அப்பா.

மீசைக்காரர் யோசித்துப் பார்த்தார். சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தார்.

வீட்டில் அப்பாவுக்கு எதிரே அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் இருவரும் எதிரெதிரே, நடுவில் ஒரு பலகை. அப்பா விட்டதை அம்மா போட்டாள். அம்மா நகர்த்தி வைத்ததை அப்பா போட்டார். கடைசியில் சிவப்புக் காய் எதிர்மூலைக் குழியின் விளிம்பில் நின்றது. கை சுண்டியது. சிவப்பு விழுந்தது, அடுத்த சுண்டலில் அதற்குத் துணைக்காயும் விழுந்தது. மன்றமே எழுந்து கத்தியபோது கை வெளியே போய்விட்டது. துணி பிழியும் சத்தம் மறுபடியும் கேட்டது.

கோப்பையை அப்பாவின் கையில் கொடுத்தார்கள். போட்டோவில் அப்பாவும், போர்வை போர்த்திக்கொண்டு ஆடாத ஜோடிக்காரரும் இருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் கேட்டேன், "நீ ஏம்மா உள்ள வந்து ஆடல?"

"உள்ள ஒரே பீடி நாத்தம்லே."

மறுநாள் மன்றத்துக்குள் போய் மூலைமூலையாக மோந்து பார்த்தேன். சுண்ணாம்பு வாசமும் பவுடர் வாசமும்தான் வந்தன. வந்து சொன்னேன்.

"ஒனக்குச் சளி. மூக்கச் சிந்து" என்றாள்.

சாரல் காலம். மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. நம்பிவிட்டேன்.

புதுக் கூடம் எங்கள் புறவாசல் இடத்தில்தான் எழும்புகிறது. அதனால் அந்த ஜன்னலை எடுத்துவிட்டு, அங்கே வாசல் வைத்தாயிற்று. போன வாரம் அம்மாவைக் கூட்டிப் போனேன். துவைகல் இருந்த இடத்திலிருந்து அந்த வாசல் வழியாக மெல்ல உள்ளே நடந்தாள். பலகை போட்டிருந்த இடத்தில் நின்று, சுற்றிலும் பார்த்தாள்.

"எப்படி இருக்கு ஆச்சி?" என்றாள் இன்ஜினியர் பெண்.

அம்மா மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"பரவால்ல. பீடி நாத்தம் போயிட்டு" என்றாள், என்னைப் பார்த்து.

அன்று எனக்குச் சளி இல்லை.