பாவாயி பேரை வெட்டின கேசட்

அன்று சேலத்து ஸ்டுடியோவில் பாட்டுப் பதியும்போது டேக் பாதியில் நின்றுபோனதற்கு மைக் கோளாறுதான் காரணம் என்று கேசட் கம்பெனி முதலாளி வெளியில் சொன்னாராம். மைக் நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

எண்பதுகளில் நாட்டுப்பாட்டு கேசட்டுகளுக்குக் கோரஸ் பாடப் போவேன். மற்ற நாளில் வெண்ணந்தூரில் தறி ஓட்டுவேன். தனியாகப் பேசச் சொன்னால் எனக்குப் பேச்சு வராது. கூட்டத்தோடு என்றால் பாடிவிடுவேன்.

அன்று பதிந்த கேசட்டின் பாட்டெல்லாம் பக்கத்துத் தறி பாவாயி அக்கா கட்டினது. தறிச் சத்தத்துக்குள் கட்டி மனசிலேயே வைத்திருந்தாள். "பொம்பளைக்கு என்ன பாட்டு" என்று ஊரில் வாயை அடைத்துவிட்டார்கள். பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு, பாட முடியாமல் போன பிறகுதான் எங்களிடம் சொன்னாள். எங்கள் முன்பாட்டுக்காரி ராமாயி புதுசாக மெட்டுப் போட்டாள். உருமிக்காரர் அடி சேர்த்தார். நாங்கள் நாலு பேர் கோரஸ். ஒவ்வொரு பாட்டும் "வெண்ணந்தூர்ப் பாவாயி சொன்ன பாட்டு" என்று முடியும். கட்டினவர் பேர் கடைசி அடியில் வருவது எங்கள் பாட்டு செட்டின் வழக்கம்.

ரிகர்சலில் முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, பேரை எடுத்துட்டு 'ஊரார் சொன்ன பாட்டு'ன்னு பாடுங்க. நாட்டுப்பாட்டை யார் கட்டுனான்னு யாருக்குத் தெரியும்?"

"தெரியுமுங்க," என்றாள் ராமாயி. "வெளிய பெஞ்சுல உக்காந்திருக்குது பாருங்க. இருமல் மைக்குல உழும்னு நீங்கதான உள்ள உடலை."

"சொன்னதைப் பாடும்மா."

ஊராராம்! அவள் வாயை அடைத்த ஊரார்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கும்மியில் முன்பாட்டுக்காரி எடுக்கிற அடியைக் கோரஸ் திருப்ப வேண்டும். திருப்பினால்தான் பாட்டு முடியும். டேக் ஓடியது. கடைசியில் ராமாயி, "ஊரார் சொன்ன பாட்டு" என்றாள். நான் திருப்பவில்லை. மற்ற மூன்று பேரும் திருப்பவில்லை. உருமி மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன, ஊமையாயிட்டீங்களா?"

"அவளுக திருப்பாம எனக்குப் பாட்டு முடியாதுங்க," என்றாள் ராமாயி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இன்னொருக்கா எடுத்தாலும் இதே கதிதானுங்க."

அடுத்த செட் வெளியில் காத்திருந்தது. "சரி, பாவாயின்னே பாடித் தொலைங்க," என்றார் முதலாளி.

பாடினோம். பிறகு அக்காவை உள்ளே கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். "ஏன் சாமி, என்ற பேரு இத்தனை சத்தமாவா இருக்குது?" என்று என்னைக் கேட்டாள்.

கேசட் வந்ததும் டீக்கடையில் போட்டுக் கேட்டோம். எல்லாப் பாட்டிலும் கடைசி அடிக்கு முன்னாலேயே சத்தம் மெல்லத் தேய்ந்து அடங்கியது. ஒன்றில்கூடப் பேர் இல்லை. அட்டையில் இசை, தயாரிப்பு எல்லாம் முதலாளி. பாடல் என்ற இடத்தில் "நாட்டுப்புறம்". நாட்டுப்புறம் என்ன, தறியில் நின்று பாட்டுக் கட்டின ஒரு பொம்பளையா?

"போவுது, உடுங்க," என்றாள் பாவாயி அக்கா. என்னால் விட முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

பாட்டுப் பதியப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கட்டினவர் பேரைக் கடைசியில் வைக்காதீர்கள். அங்கே வெட்டுவது சுலபம். அடுத்த கேசட்டில் நாங்கள் பாவாயி பேரைக் கோரஸ் திரும்பத் திரும்பப் பாடுகிற அடியில் வைத்தோம். அதை வெட்ட வேண்டுமானால் பாட்டையே வெட்ட வேண்டும்.