உப்பின் மேல் போட்ட பழி

மறுநாள் காலை பெருமுக்கலில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க வேண்டும். முதல் நாள் மதியம் கேமராவில் ஜூம் திரும்பவில்லை. மரக்காணத்தில் என் சர்வீஸ் கடைக்கு அமுதா அப்படித்தான் வந்து நின்றாள். அம்மாவோடு உப்பளத்தில் கூலி வேலை செய்து சேர்த்து வாங்கிய கேமரா. அது இருந்தால் அவள் போட்டோகிராபர். இல்லாவிட்டால் மறுபடியும் உப்பளம்தான்.

"மணல் போயிருக்கும்மா. ஒரு மணி நேரத்துல ரெடி பண்ணித் தர்றேன்" என்றேன். மணல்தான். லென்ஸைக் கழற்றித் துடைத்தால் முடிகிற வேலை.

ஆனால் ஜப்பான் ஸ்க்ரூ. பார்வைக்கு நம் ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும். வெட்டு மட்டும் வேறு. நம் ஸ்டார் டிரைவர் அதில் அடிவரை உட்காராது, அழுத்தித் திருப்பினால் வழுக்கும். அன்று எனக்கு அது தெரியாது. வாட்ச், ரேடியோ, கேமரா எல்லாவற்றுக்கும் ஒரே டிரைவர் வைத்திருந்த மேதாவி நான். நான்காவது ஸ்க்ரூவின் தலை மழுங்கியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ரோஷம் விடவில்லை, டிரில்லை எடுத்தேன். பிட் நழுவி ரிப்பன் கேபிளை அறுத்து, போர்டையும் கிழித்துவிட்டது.

அமுதா வந்ததும், "உப்புக் காத்து போர்டை அரிச்சிடுச்சும்மா. இனிமே தேறாது" என்றேன். சைக்கிள், கேட், ஃபேன் எல்லாம் உப்பால் போகிற ஊர். இங்கே அந்தப் பொய்க்குச் சாட்சி வேண்டியதில்லை.

அவள் சண்டை போடவில்லை. "என் தப்புதாண்ணா. அம்மா உப்பு வார்றதை ஒரு படம் எடுக்கலாம்னு பாத்திக்கு எடுத்துட்டுப் போனேன். அம்மா அப்பவே வேணாம்னுச்சு" என்றாள்.

அடுத்த மாதமே அவள் பாத்தியில் இறங்கிவிட்டாள்.

பிறகுதான் ஜப்பான் முனை டிரைவர் செட் வாங்கினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முனையை ஸ்க்ரூவில் வைத்து லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடாமல் கவ்வினால்தான் அது சரியான டிரைவர். ஆடினால், எவ்வளவு அவசரமானாலும் திருப்பாதீர்கள்.

போன வாரம் மருந்துக் கடையில் அமுதாவைப் பார்த்தேன். கையெல்லாம் வெடிப்பு. "ஒரு படத்துக்காகக் கேமராவைத் தொலைச்சவள்னு அம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டுதுண்ணா" என்றாள்.

உண்மை வாய் வரை வந்தது. "உப்பு அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

கை தவறினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் இன்னும் சொல்லவில்லை.