அந்த விசில் யாருடையது?

விளாங்குடி செல்வம் அண்ணன் போய்விட்டார். காலையில் வாட்ஸ்அப்பில் வந்தது.

நான் நம்பவில்லை... அவர் விஷயத்தில் எதையும் உடனே நம்பிப் பழக்கமில்லை. அவர் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் நம்பினேன்.

ஆடியோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கடை விளம்பரம், கல்யாணப் பாட்டு, தேர்தல் பிரச்சாரம். கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினால் தவில், இன்னொன்றில் உறுமி, மழை, குழந்தைச் சிரிப்பு... எல்லாமே கம்ப்யூட்டரில் இருக்கும் ரெடிமேட் சத்தம்.

ஒரு தேர்தலில் சமயநல்லூரில் எதிரெதிர் வேட்பாளர்களின் வேன்கள் நேருக்கு நேர் வந்து நின்றன. பெயர்தான் வேறு, மியூசிக் ஒன்றே! இரண்டும் அண்ணன் கைவரிசை. கேட்டால், "ஓட்டுப் போடுறவன் ஆடுனாச் சரி மாப்ள" என்றார்.

அப்பேர்ப்பட்ட ஆளிடம்தான் தங்கச்சி கல்யாண வீடியோவுக்குப் பாட்டுக் கேட்டுப் போனேன். அப்பா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு, கேட்டைத் திறக்கச் சொல்லி அப்பா ஒரு மெட்டை விசிலடிப்பார். அது என் போனில் இருந்தது. வீசிங் உள்ள மனுஷன், பாதியில் மூச்சு வாங்கும். பின்னால் மிக்ஸி சத்தம் வேறு. அதைப் பாட்டின் தொடக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

மண்டபத்தில் போட்டார்கள். விசில் அவ்வளவு சுத்தம்... ஓர் இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. "உங்கப்பாதான்டா" என்று அம்மா அழுதாள். எனக்குச் சந்தேகம் தட்டியது.

மறுநாளே போய்க் கேட்டேன். "கழுவி எடுத்தா அம்புட்டுச் சுத்தமாத்தான் இருக்கும் மாப்ள. அப்பன் விசிலையேவா சந்தேகப்படுவ?"

ஹெட்போனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன். மெட்டு அதேதான். ஆள்..? பாட்டைக் கம்ப்யூட்டரில் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுங்கள் என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். மழுப்பல் மன்னன்.

இன்று துக்கத்துக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரை விற்கப் போகிறார்களாம். உங்கள் பாட்டு ஏதாவது வேண்டுமென்றால் மாடியில் இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போய் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர் தம்பி.

படி வரைக்கும் போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா போன்.

"மால போட்டியாடா? உங்கப்பா மூச்ச எடுத்துக் குடுத்த மனுஷன்டா..."

போட்டுவிட்டேன் என்றேன். பிறகுதான் வாங்கிவந்து போட்டேன். மாடிக்குப் போகவில்லை.

போங்கண்ணே... அந்த விசிலில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.